எங்க ஊரு நாய் எலந்தப்பழம் திங்கும்

ஏனுங்க மாமா,

கூப்பிட்டா "என்ன அம்மணி"ன்னு திரும்பிப் பார்ப்பீங்கன்னு இன்னமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். நீங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருசமாச்சு. என்ற குணம் மட்டும் மாறலைங்க. பாலு தண்ணியா இருந்தாலும் சந்தேகம், கெட்டியா இருந்தாலும் சந்தேகம்னு கேலி பேசுவீங்களே, அதே சரசுதான்.

உடுமலைப்பேட்டை ரோட்டுல, ஆடுமாடு மேயற நம்ம கொறங்காட்டுக்குக் கிழக்கால பங்காளி காடு இருக்குதுங்களே, அது வித்தாச்சு. உங்க அப்பாரு காலத்துல ஒருத்தரோட காடு. அப்புறம் மூணு பங்கு, இப்ப ஒம்பது பங்கு. ஆளுக்கொரு துண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு ஊட்டுமனை பிரிச்சு விக்கற சைட்டுக்காரருக்குக் கொடுத்துப்போட்டாங்க. கல்லு நட்டாச்சு, போர்டும் வெச்சாச்சு. போர்டுல தோகை விரிச்ச மயிலு!

"இயற்கையோட இயற்கையா இருக்கலாம், எத்தனை மயிலு பாருங்க"ன்னு அந்த ஆளு சிரிக்கறாரு. எனக்கு அந்த மயிலு மேலயே சந்தேகமுங்க. முன்ன எங்கிருந்துச்சு இத்தனை? முட்டையைத் திங்கற நரி கொறைஞ்சுதான் இது பெருகுதோ? கௌதாரி கத்திக் கேட்டு எத்தனை நாளாச்சு? மொசலு எங்க போச்சு? மயிலைக் காட்டி மத்ததையெல்லாம் மறைக்கறாங்களோன்னு தோணுது.

இப்ப ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க.

தை மாசம் ஸ்கூட்டர்ல ஒரு புள்ளை வந்துச்சு. காலேஜ்ல படிக்குதாம். நரி எங்கெங்க மிச்சமிருக்குதுன்னு ஊர் ஊரா எழுதுதாம். "இந்தப் பக்கம் நரிப்பொந்து இருக்குதுங்களாம்மா? இருந்தா எழுதிக் கொடுத்து, சைட்டுக்குள்ள இருக்கற அந்த ஓடைப் புதரை மட்டுமாவது விடச் சொல்லிக் கேக்கலாம்"னுச்சு. மோரு கொடுத்தேன். கொடுத்துக்கிட்டே ஆளை அளந்தேன். புரோக்கர் அனுப்புன ஆளா? பாரஸ்ட்காரங்க ஆளா? நரி இருக்குதுன்னு சொன்னா காட்டையே எடுத்துக்குவாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு.

"நரியா? அதெல்லாம் எப்பவோ போயிருச்சு கண்ணு"ன்னேன்.

அந்தப் புள்ளை வேலியோரம் குனிஞ்சு பார்த்துச்சு. எலந்தக்கொட்டையோட காஞ்ச எச்சம். "இது நரி போட்டதாட்ட இருக்குதுங்களேம்மா?"

"நாய் போட்டது கண்ணு."

"நாய் எலந்தப்பழம் திங்குங்களா?"

"எங்க ஊரு நாய் திங்கும்"னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன். அது சிரிக்காம எழுதிக்கிச்சு. நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காலண்டருக்குப் பின்னால சொருகிப்போட்டேன்.

நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? ஓடைக்கரைல நரியைப் பார்த்துட்டு வந்தா, "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சாச்சு"ன்னு நாள் பூரா சிரிச்ச முகமா இருப்பீங்க. நம்ம ஆட்டுக்குட்டியைத் தூக்குனப்ப, விசம் வெக்கறேன்னு நான் குதிச்சேன். "அதும் பங்கை அது எடுத்துச்சு, போ அம்மணி"ன்னீங்க. மூணு நாள் உங்ககூடப் பேசலை.

மாசியில பொக்லைன் வந்துச்சு. ஒரே மத்தியானத்துல கிளுவை வேலியையும் ஓடைப் புதரையும் வழிச்சுப்போட்டுது. ஓடிப்போயி, "அங்க நரி குட்டி போட்டிருக்குதுங்க, நிறுத்துங்க"ன்னு கத்துனேன். சைட்டுக்காரரு நிதானமாச் சொன்னாரு: "நரியே இல்லைன்னு காலேஜ் புள்ளைகிட்ட நீங்கதானுங்களே சொன்னீங்க? ஊரே அப்படித்தானுங்க சொல்லியிருக்குதுன்னு அது எழுதுனதுலயே இருக்குதுங்க."

ஒருத்தருக்கொருத்தர் பேசி வெச்சுக்கலைங்க மாமா. ஆளாளுக்குத் தன் காட்டை நெனைச்சுப் பயந்தோம். ஊட்டுக்கு ஊடு அந்தப் புள்ளைக்கு மோரு கொடுத்து, "இல்லை"ன்னு சொல்லி அனுப்பியிருக்கறோம். அன்னைக்கிருந்து ஊளைச் சத்தமே கேக்கலை. பொழுது எறங்குனா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன். அழுகை அழுகையா வருதுங்க.

சைட்டுக்காரரைத் திட்டிப் போடலாம். ஆனா கோயமுத்தூர்ல நம்ம மக கட்டுன ஊட்டுக்கடியில என்ன பொந்து இருந்துச்சோ? கிரகப்பிரவேசத்துக்குப் பட்டுக் கட்டிக்கிட்டுப் போனமே, ஒரு வார்த்தை கேட்டமா?

இன்னைக்குக் காலைல, நம்ம வேலியில ஆளு நுழையற சந்துக்கிட்ட ஒரு எச்சம். உள்ள எலந்தக்கொட்டை. சீட்டைத் தேடி எடுத்து அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். "நரி இருக்குது கண்ணு, ஒண்ணாவது இருக்குது, வந்து எழுதிக்கோ"ன்னேன்.

அந்தப் புள்ளை கேட்டுச்சு: "நாயா இருக்குமுங்களாம்மா? உங்க ஊரு நாய் எலந்தப்பழம் திங்கும்னீங்களே."

வாரேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. அது நம்புற வரைக்கும் தெனமும் கூப்பிடுவேன் மாமா. நம்ம வேலிச் சந்தை அடைக்க மாட்டேன். மகன் வந்து சைட்டுப் போடலாம்னு கேட்டாலும் கையெழுத்து வெக்க மாட்டேன். நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குனா, அதும் பங்குன்னு விட்டுருவேன். உங்க மேல சத்தியமுங்க. இவளை நம்பலாமான்னு நீங்களும் யோசிக்கறீங்களா?

நம்புங்க. இந்த ஒரு தடவை.

பொய் சொன்ன வாயோட,
உங்க மாமன் மக
சரசு