மருமகளுக்கு வாங்கிய ரோஜா சென்ட்

12-3-1973, திங்கள்.

ரோஜா என்று பிழையில்லாமல் எழுதிவிட்டேன். இரவுப் பள்ளி வாத்தியார் பார்த்தால் தட்டிக்கொடுப்பார். ஆனால் இன்று அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

மகன் மெட்ராசிலிருந்து பெண்டாட்டிக்கு ஆசையாக ரோஜா சென்ட் வாங்கி வந்தான். மூடியைத் திறந்ததுமே, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் மருமகள் வள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தூரப் போடுய்யா. எங்க மேஸ்திரி வாசனை இது."

"அவன் வாசனை உனக்கு எப்டிடி தெரியும்?" என்றான் மகன்.

அவளுக்காக நான்தான் சொன்னேன்.

"எனக்குந்தான்டா தெரியும். கும்மிடிப்பூண்டில இவ வேல செய்ற எடத்துலதான நானும் காவலுக்குக் கீறேன். அவன் வர்றதுக்கு முன்னாலயே அந்த நாத்தம் வந்துடும். சித்தாளுங்க சட்டிய எறக்கி வெச்சிட்டு ஒண்ணா சேந்து நின்னுக்குவாங்க. தனியா மாட்டினவ அழுதுகினு வருவா."

"அப்போ இவ தனியா மாட்டினாளா நைனா?"

இவ்வளவு சொல்லியும் அவனுக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. மேஸ்திரி மேல் கோபமே வரவில்லை.

வள்ளி, அவன் மறுபடி கேட்கக் கூடாது என்று, அந்தச் சென்டையே எடுத்துக் கழுத்தில் பூசிக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டாள். அவனும் சாப்பிட்டான்.

வீடு முழுக்க அந்த மேஸ்திரி நிற்கிறான்.