மைக்ரோவேவுக்கு அங்காலை

இன்று மத்தியானம் சோற்றைச் சூடாக்க மைக்ரோவேவின் பொத்தானை அழுத்தியதும், "இஞ்சாருங்கோ, அங்காலை போங்கோ" என்று என் வாய் தானாகச் சொன்னது. குசினியில் யாரும் இல்லை. நீங்கள் போய் இது இரண்டாவது பனிக்காலம். என் வாய்க்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

உங்கள் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு தொடங்கிய பழக்கம் அது. டோர்வல் விமான நிலையத்தில் வேலை நேரத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்ற நீங்கள் தலைசுற்றி விழுந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. இதயத்தின் மேல் மூலையில் இருக்கும் சின்ன இடம் ஒன்றுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடக்கி வைக்கிறது, உங்களுக்கு அது சோர்ந்துபோய் இடையிடையே மறந்துவிடுகிறது என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். எங்கள் மூத்தவள்தான் பிரெஞ்சிலிருந்து மாற்றிச் சொன்னாள். மைக்ரோவேவால் ஒன்றும் ஆகாது என்றும் அவர் சொன்னார். நான் நம்பவில்லை. மைக்ரோவேவ் பேஸ்மேக்கரை நிறுத்திவிடும் என்று கோயிலில் யாரோ சொன்னதைத்தான் நம்பினேன்.

"உமக்கு டொக்டரிலும் பாக்கக் கோயில் சனம்தான் பெரிசு" என்று சிரித்துக்கொண்டே, தேத்தண்ணிக் கோப்பையோடு முன் அறைக்குப் போவீர்கள். ஒருநாள் என் கையைப் பிடித்து, இடது தோளுக்குக் கீழே புடைத்திருந்த இடத்தில் வைத்தீர்கள். "இனிப் பயப்பிடாதையும். நான் மறந்தாலும் இது மறக்காது." அதையும் நம்பினேன். செல்போனைக்கூட வலப்பக்கப் பையில் வைக்க வைத்தேன். வெளியிலிருந்து எதுவும் உங்களை அண்டாதபடி காவல் இருந்தேன்.

வந்தது உள்ளேயிருந்து. பால் வாங்கப் போன நீங்கள் தெரு முடக்கில் இருந்த டெப்பனர் கடை வாசலிலேயே விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் வந்து சொன்னார். இந்த முறை இதயம் சோரவில்லையாம். அதன் கீழறையில் கண்ட கண்ட இடங்களிலிருந்தெல்லாம் மின்துடிப்புகள் கிளம்பி, இதயம் அடிக்காமல் வெறுமனே நடுங்கியதாம். பேஸ்மேக்கர் தூங்குகிற இதயத்தைத் தட்டி எழுப்பும். நடுங்குகிற இதயத்தை அடக்க அதனால் முடியாது.

"அம்மா, மெஷினிலை ஒரு பிழையும் இல்லையாம். கடைசி வரைக்கும் வேலை செய்ததாம்" என்றாள் மூத்தவள்.

"அப்ப ஆரிலை பிழை எண்டு கேள்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெருப்பில் வெடித்துவிடும் என்று, தகனத்துக்கு முன் அதை உங்களிடமிருந்து எடுத்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பற்றரி இன்னும் சில வருடங்களுக்குப் போதுமாம். யாருக்கு வேண்டும் அது? எனக்கு இப்போது ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. குசினித் தட்டில் இருந்த சாமிப் படங்களை இறக்கிவிட்டேன். அந்த இடத்தில் அதுதான் இருக்கிறது.

இன்றும் சோற்றுக் கோப்பையை உள்ளே வைப்பதற்கு முன், தட்டில் இருந்த பேஸ்மேக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் முன் அறையில் உங்கள் கதிரையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.