பிரிக்காத பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் பார்த்தால் எனக்கு வாய் வராது.

லேப்டாப் இங்கே மலிவு என்று தலைகால் புரியாமல் குதித்தேன் அல்லவா? இந்த நாட்டை விட்டு ஊருக்குக் கிளம்பும்போது, வாங்கியபோது கட்டிய வரியையும் திருப்பித் தருவார்கள். ஆனால் அதுவரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது. அதனால் கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்தேன், மகா கெட்டிக்காரன்!

என் போனில் கேமரா உடைந்திருந்த நேரத்தில்தான் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். “அப்பா உன் முகத்தைப் பாக்கணுங்கிறாருடா. அந்தப் புது லேப்டாப்பைத் திறந்து வீடியோவுல வாயேன்.”

“பிரிச்சா வரிப்பணம் போயிடும்க்கா. ரெண்டு நாள்ல நேர்லயே வந்துடறேனே.”

பக்கத்து அறைக்காரனிடம் போன் கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. நான் சொன்னது அப்பா காதில் விழுந்ததா? விழுந்திருந்தாலும் சொல்லாதே.

நான் வருவதற்குள் அவரை எடுத்துவிட்டீர்கள். கோபமில்லை. எத்தனை நேரம்தான் வைத்திருப்பீர்கள்?

சற்றுமுன் சுங்க அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முத்திரை குத்தினார். பணம் வந்துவிட்டது. “இனிமேல் பிரித்துக்கொள்ளலாம்” என்று சிரித்தார்.

அப்படியே கொண்டுவருகிறேன், அக்கா. நீயே வாங்கி எங்கேயாவது வைத்துவிடு, என் கண்ணில் படாமல்.

உன் தம்பி