திருச்சிக்குப் போன உன் டிஸ்டார்ஷன் பெட்டி

என் கரடிக்குரல் அண்ணனுக்கு,

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். சிமெண்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் இன்னும் அதே வேலைதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் தூசியும் போவதில்லை, அசதியும் போவதில்லை. காமாலை என்று படுத்தவன் எழுந்துவிடுவாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது அண்ணே.

உன் பாட்டை, குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும், பதிவு செய்யத் திருச்சிக்குப் போனோம், நானும் உன்னோடு டிரம்ஸ் வாசித்த சேவியர் அண்ணனும். அவர் வரதராஜன்பேட்டையிலிருந்து டிரம்ஸ் குச்சிகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் உன் கிடாரையும், கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்க நீ கையால் செய்த டிஸ்டார்ஷன் பெட்டியையும் எடுத்துப்போனேன். ஹெவி மெட்டலில் அந்தக் கரகரப்புதானே எல்லாம். வாசிப்பது நானாக இருந்தாலும் சத்தமாவது உன்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அங்கே நல்ல கிடார் ஆம்ப்ளிஃபயர். சொருகி வாசித்தால் சகதியில் லாரி மாட்டிக்கொண்ட மாதிரி கொழகொழவென்று வந்தது. ஸ்டூடியோக்காரர் ரொம்ப மரியாதையாக, "மேடம், உள்ள ஒயரு எதாச்சும் வுட்டுருக்கான்னு பாருங்களேன்" என்றார். அவரை இரண்டு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் சேவியர் அண்ணன் வாயைத் திறந்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு கயலு. அவன் எதுல கேட்டுக் கேட்டு அதச் செஞ்சான்னு யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். திருமானூரில் உன் மைக்செட் கொட்டகை. நமக்கு ஏது கிடார் ஆம்ப்ளிஃபயர்? திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில்தானே வாசித்துப் பழகினோம். அதில் அடிச்சத்தம் வரவே வராது, கீச்சென்று கத்தும். அதனால் நீ அடிச்சத்தத்தின் கனத்தை அள்ளிக் கொட்டி, கூர்மையைக் கண்டென்சர் போட்டு அமுக்கி வைத்தாய். குழாய்க்கு அது பொருத்தம், நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு வெறும் சேறு. குழாய் ஸ்பீக்கருக்காகச் சர்க்யூட் போட்ட மெட்டல்காரன் உன்னைத் தவிர இந்த உலகத்தில் யாராவது இருப்பானா, சொல்லு?

"ரெண்டு கண்டென்சர மாத்துனா போதும்" என்றார் சேவியர் அண்ணன். பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே நீ வைத்த ஈயம், அவசரத்தில் பற்றவைத்து ஒரு ஓரம் கருகியிருந்தது. அதன்மேல் சூடு வைக்க எனக்கு மனசு வரவில்லை. மூடிவிட்டேன்.

வேறு பெட்டி செய்தேன். கரகரப்பு பிறக்கிற இடத்துக்குக் கனம் அதிகம் போகாதபடி முன்னாலேயே சின்னக் கண்டென்சர் போட்டாயிற்று. சத்தத்தை நறுக்குகிற டையோடில்தான் மாட்டிக்கொண்டேன். சாதா டையோடு போட்டால் சத்தம் நெருக்கியடித்து மெத்தென்று வருகிறது. உன் சீரியல் செட் விளக்குச் சரத்திலிருந்து கழற்றிய சிவப்பு எல்இடி போட்டால் திறந்து சீறுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? கேட்டுப் பார்க்க எனக்கும் அதே குழாய்தான் இருக்கிறது. இந்தக் குழாயில் என் காதுக்குப் பிடித்ததை எடுத்தால் மறுபடியும் சேறுதான். காது வேண்டாம் என்று சொல்வதைத்தான் எடுக்க வேண்டும்.

எல்இடியைப் போட்டு வாசித்தபோது அம்மா சந்தையிலிருந்து வந்தாள். நீ வாசித்தால் மிக்ஸி ஓடுகிறது என்பாளே, அதே அம்மாதான். "காது கிழியுதுடி. அண்ணன் வாசிச்சா இப்புடியா இருக்கும்? நிறுத்து" என்றாள். எனக்கும் எல்லாவற்றையும் மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் எல்இடியையே பற்றவைத்தேன்.

மறுபடியும் திருச்சி. முதல் அடியிலேயே ஸ்டூடியோக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு முடிந்ததும் சேவியர் அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் முழுக்கக் கேட்டாள்.

"இது அவன் இருக்கறப்ப எடுத்ததா? இத்தன நாளா ஏன்டி எங்கிட்ட போட்டுக் காட்டல?"

நான்தான் வாசித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ம்" என்றேன். இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன்.

உன்னைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று சந்தோஷம். வயிற்றெரிச்சலும்தான், உன்னிடம் மறைப்பானேன். தோள்வலியோடு வாசித்தவள் நான். அம்மா காதில் நான் எங்கே போனேன் அண்ணே?

போகட்டும். இந்தப் பாட்டை அம்மா உன்னுடையதாகவே வைத்துக்கொள்ளட்டும், நான் மறுத்துப் பேசமாட்டேன். அடுத்தது நான் எழுதப்போகிற பாட்டு. அதை அவளுக்குப் போடும்போது, முதல் கம்பி அதிர்வதற்கு முன்பே "இது நான்மா" என்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அசதியோடும் அன்போடும்,
உன் கூடப்பிறந்தவள்,
கயல்விழி