ஐஸ்பெட்டியில் ஒரு தேன்சட்டம்

மதினி,

இன்று காலை மீன் வைக்க அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்தார். குளிரோடு மெழுகு வாசனையும் வந்தது. உறைந்த மெழுகு அப்படியெல்லாம் மணக்காது. எனக்கு மட்டும் வந்திருக்கும். உங்கள் தேன்சட்டத்தில் கை படாமல் அதன் பக்கத்தில் பொட்டலத்தைச் செருகிவிட்டு மூடினார். முன்பு என்ன பேச்சுப் பேசியவர்!

"ஏத்தா, மீன வைக்க எடமில்ல. வெறுங்கூட்டுக்கு எதுக்கு ஐஸ்பெட்டி?"

"மீனு இன்னைக்குச் சட்டியோட போயிரும் அத்தை. இது அடுத்த வருசத்துக்கு."

"அப்ப உன் ஈயவே வந்து கொழம்பு வைக்கச் சொல்லு."

உங்கள் சிரிப்புதான் அதிகமாகக் கேட்டது.

சமயநல்லூரில் உங்கள் அப்பாவின் தென்னந்தோப்பில் உங்கள் தேனீப் பெட்டிகள் இருந்தன. பூக்கள் குறைந்து தேனீக்களின் எண்ணிக்கை சுருங்கும்போது, அவற்றால் காவல் காக்க முடியாத வெற்றுத் தேனடைகளை மரச்சட்டத்தோடு எடுத்து நம் விளாங்குடி வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். பூ வந்ததும் திருப்பிக் கொடுத்தால் ஈக்கள் மறுபடியும் மெழுகு கட்டி அலைய வேண்டாம். நேரே தேன் சேர்க்கலாம். அதுவரை அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சியிடமிருந்து அவற்றைக் காப்பாற்ற வேண்டும். மீன் போக ஒரு சட்டத்துக்குத்தான் இடம். ஒன்று நன்றாக உறைந்ததும் எடுத்து, ஈரம் காயவிட்டு, பாலிதீன் பையில் இறுகக் கட்டுவீர்கள். பிறகு அடுத்தது உள்ளே போகும்.

"நேரா பையில கட்டுனாப் பத்தாதா மதினி?" என்று கேட்டேன்.

"பூச்சி வெளிய இருந்து வரும்னு நெனைக்கிற. எடுக்கும்போதே முட்டையா உள்ள இருக்கும். குளிருல சாகடிக்காமக் கட்டுனா, நாமளே அதுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி."

கடைசி முறை முதல் சட்டத்தை உள்ளே வைத்த அன்றே உங்களுக்கு வயிற்றுவலி. மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி ரொம்ப நாளாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நான் சன்னலைப் பார்த்தேன்.

உங்கள் உடலைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு, பெரியப்பா மாடி அறையைப் பூட்டினார். உங்கள் சேலைகளோடு, ஆஸ்பத்திரி அலைச்சலில் முறை வராமல் காத்திருந்த மற்ற சட்டங்களும் அதற்குள் அகப்பட்டன. நான் சாவி கேட்டேன்.

"கருமாதி கழியாம அவ பொருளத் தொடக்கூடாதுத்தா."

"பெரியப்பா, பூச்சி அரிச்சுப்புடும்."

"சட்டத்துக்கு என்ன அவசரம், சோறா கேக்குது?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தான். மரியாதைக்குப் பூட்டிய பூட்டு அது. அதை எதிர்த்து எப்படிப் பேசுவது? கீழே படுத்தபடி மேல் அறையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை.

கருமாதி கழிந்து திறந்தபோது சட்டங்களுக்கு இடையே வெள்ளை நூல் பின்னிக் கிடந்தது. அடை இருந்த இடத்தில் கறுப்புத் தூள். புழுக்கள் மரத்தையும் குடைந்து அதில் கூடு கட்டியிருந்தன. அண்ணன் ஒன்றைத் தூக்கினான். கையோடு நூல்தான் வந்தது.

"இம்புட்டும் அவ சேத்ததா?" என்றான். உங்களை அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொல்லையில் எல்லாவற்றையும் எரித்தோம். பார்க்க ஆளில்லாத தோப்புப் பெட்டிகளை விட்டு ஈக்களும் எப்போதோ போயிருந்தன.

உங்கள் அறிவெல்லாம் சரிதான் மதினி. எதை எப்படிக் காப்பது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று?

ஐஸ்பெட்டியில் இருந்ததால் அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அடையில் ஓர் அறைகூட உடையவில்லை. திருப்பிக் கொடுக்க ஈ இல்லை. வெளியே எடுத்து வைக்க எனக்குத் துணிவில்லை.

மின்சாரம் போனால் போய் ஐஸ்பெட்டிக் கதவில் கை வைத்து நிற்கிறேன், யாரும் திறந்துவிடாதபடி. "மூடியே இருந்தா குளிரு நிக்கும்" என்பீர்கள். இருட்டில் கதவு மெல்ல மெல்லச் சூடாவது போலிருக்கும். மோட்டார் மறுபடி உறுமும்வரை கையை எடுப்பதில்லை.