ஆறாம் அறைக்காரர்

டேட்டன், ஒஹாயோ
9 மார்ச் 1986

அன்புள்ள லெனோர்,

நலம்தானே? கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பழக் கேக் பிப்ரவரி வரைக்கும் வந்தது. கூட வந்த கடிதம்தான் நாலு வரியில் முடிந்துவிட்டது. தம்பி மனைவிக்கு வருஷத்துக்கு நாலு வரி போதும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மகள் பெட்சிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. செப்டம்பரில் கல்யாணம். பையன் தபால் நிலையத்தில் இருக்கிறான், நல்ல மாதிரி. கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறான், அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் ஹார்டுவேர் கடையில் பாலின் என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பேய் என்றால் அவளுக்கு உயிர். லீவு கிடைத்தால் புருஷனை இழுத்துக்கொண்டு பேய் விடுதியாகத் தேடிப் போய்த் தங்குவாள். ஒரு பயணப் பத்திரிகையில் அப்படிப்பட்ட விடுதிகளின் பட்டியலைக் காட்டினாள். பார்த்தால் பதினேழாவதாக உங்கள் விடுதி! சீட்டாட்டத்தில் சுடப்பட்ட சூதாடி ஒருவன் பூட்டிய ஆறாம் எண் அறையில் நூறு வருடமாக இருக்கிறானாம். என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

பாலின் ஜனவரியில் உங்கள் ஏழாம் அறையில் தங்கினாளாம்.

“சும்மா சொல்லலடி வெர்னா. மத்தியானம் மூணு மணி, வெளிய பளிச்சுனு வெயில். பூட்டுன ரூமுக்குள்ள ஒரு ஆம்பள சீட்டி அடிக்கிறான். பழைய போல்கா டான்ஸ் பாட்டு. மூணாவது வரி வந்ததும் நிறுத்தி, ரெண்டு தடவ இருமிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து. எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு!”

நான் ஆணிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் தம்பிக்கும் மூன்றாவது வரிக்கு மேல் வராது. என் ஆர்லோவை ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோய்ப் பதினோரு வருடம் ஆகப்போகிறது. அது என்ன பாட்டு லெனோர்? யார் அடிக்கிறார்கள்?

உங்கள் அன்புள்ள
வெர்னா

*

ஸ்டர்ஜன் பெண்ட், மிசோரி
17 மார்ச் 1986

அன்பு வெர்னா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். உன் பாலினுக்கு என் நன்றியைச் சொல். அவளைப் போல நாலு பேர் இருப்பதால்தான் குளிர்காலத்திலும் என் விடுதியில் விளக்கெரிகிறது.

நூறு வருடத்துக் கட்டடம் இது. சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் இருமும், முனகும், சீட்டியும் அடிக்கும். கேட்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டை அதில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த அறையில் தரை சரியில்லை, அதனால் பூட்டி வைத்திருக்கிறேன். சூதாடி வேண்டுமானால் இருக்கட்டும், வாடகை கேட்காமல் விட்டிருக்கிறேன்.

பெட்சிக்குக் கல்யாணமா! அவள் புகைப்படம் ஒன்று அனுப்பு. முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி, பெரிதாக. இன்னும் அந்த இடது கையால்தான் எழுதுகிறாளா? குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி உள்ள வீட்டிலா இருக்கிறாய்? கடையில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் விரிவாக எழுது. அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் சீக்கிரம் எழுது.

அன்புடன்
லெனோர்

*

டேட்டன்
26 மார்ச் 1986

அன்புள்ள லெனோர்,

புகைப்படம் இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்சி இன்னும் இடது கைதான்.

என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் வலியை வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறவள் இல்லை. குளிர் வந்தால் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான். முப்பது வருடமாக நீங்கள் என்னிடம் கேட்காத கேள்விகளை ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் உங்களுக்கு போன் செய்தேன் அல்லவா? நீங்கள் சூப் கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் இருமினார். இரண்டு தடவை.

“யாரது லெனோர்?” என்றேன்.

“வேற யாரு, நம்ம சூதாடிதான்!” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “சரிம்மா, அடுப்புல வச்சது பொங்குது” என்று வைத்துவிட்டீர்கள்.

குழாய் சமையலறைக்குள் வந்து இருமாது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பஸ் ஏறுகிறேன். ஆறாம் அறையை எனக்குத் திறந்து காட்டுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

வெர்னா

*

ஸ்டர்ஜன் பெண்ட்
3 ஏப்ரல் 1986

அன்பு வெர்னா,

புகைப்படம் வந்தது. பெட்சி என்ன அழகாக இருக்கிறாள்! சட்டம் போட்டு வைத்துவிட்டோம்.

பன்னிரண்டாம் தேதி வராதே. மாடித் தரை முழுவதும் பெயர்த்துப் போட்டிருக்கிறது, விருந்தாளிகளையே திருப்பி அனுப்புகிறேன். ஜூனில் வா, அப்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நீ நினைப்பதை நினைக்காதே. ஆர்லோவை ஆறு கொண்டுபோயிற்று. அவன் சவப்பெட்டி காலியாகப் போனதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். போனவர்களைத் திரும்ப அழைக்காதே, உன் உடம்புக்கு ஆகாது.

லெனோர்

*

டேட்டன்
14 ஏப்ரல் 1986

லெனோர்,

“வைத்துவிட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தனியாள். அந்த இன்னொரு ஆள் யார்?

ஜூன் வரை பொறுத்துக்கொள்கிறேன். உங்கள் வாசலில் வந்து நின்று கதவைத் தட்ட எனக்கே பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனிமூட்டத்தில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஆர்லோவின் ஃபெர்ரி ஒரு சின்னப் படகில் மோதி ஹாஃப் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் செத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முந்தைய சனிக்கிழமை அவருடைய துடுப்புப் படகு மட்டும் காலியாக ஒதுங்கியது. ஊரில் பாதிப் பேர், ஓடிவிட்டான் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் பத்திரிகைக்காரன் முன்னால் நின்று நான் சொன்னேன்: “என் புருஷன் எதுக்கும் பயந்து ஓடுற ஆள் இல்ல. உயிரோட இருந்தா திங்கக்கிழமை அங்க வந்து நின்னிருப்பாரு.” இறந்த பையன்களின் அம்மா திருமதி ஹாஃப் அங்கேதான் இருந்தார். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெட்சியை வளர்த்தேன். இரண்டு பேர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரையும் அந்தச் சொல்லுக்காகத்தான் திருப்பி அனுப்பினேன்.

ஆர்லோ அங்கே இருக்கிறாரா? ஆம், இல்லை, ஒரு சொல் போதும்.

வெர்னா

*

ஸ்டர்ஜன் பெண்ட்
2 மே 1986

வெர்னா,

இல்லை. ஆர்லோ இங்கே இல்லை.

லெனோர்

*

ஸ்டர்ஜன் பெண்ட்
19 மே 1986

அன்பு வெர்னா,

போன கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. எழுதியபோது ஆர்லோ இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உனக்கு “இல்லை” என்று எழுதினேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் ஓடித்தான் போனான். தெற்கே போய் இறால் படகுகளில் சமையல்காரனாக வேறு பெயரில் இருந்தான். 1981 அக்டோபரில் பின்வாசலில் வந்து நின்றான். நுரையீரல் கெட்டு, ஆள் பாதியாக இருந்தான். “அக்கா, ஒரு வாரம் மட்டும் இருந்துட்டுப் போயிடறேன்” என்றான். ஆறாம் அறையில் படுக்க வைத்தேன்.

மறுநாளே பக்கத்து அறைக் கிழவர் கீழே வந்தார். “ராத்திரி பூரா ஒருத்தன் இருமுறானே, யாரு?” என்றார். “அந்த ரூம்ல யாருமே இல்லையே” என்று உளறிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மாதத்தில் ஊர் முழுக்கப் பேச்சு, வசந்தத்தில் பேய் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். சூதாடிக் கதையைக் கட்டியதே ஆர்லோதான். “பேயா இருக்கறது சுகமா இருக்குக்கா. யாரும் கேள்வி கேக்கறதில்ல” என்பான்.

ஒரு வாரம் நாலரை வருடமாயிற்று. உன்னிடம் சொல்லச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டேன். அப்போதெல்லாம் பர்ஸிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டுவான். நீ கல்லறைத் தோட்டத்தில் சொன்ன வார்த்தை. “ஓடாதவன்னு சொல்லி அவ எனக்காக நின்னுருக்கா. ஓடுனவன் எப்படிப் போய் அவ முன்னால நிக்கறது?” என்பான். உன்னைப் பொய்யாக்கத் தன்னால் முடியாதென்று, உனக்கு எதுவும் சொல்லமாட்டேன் என என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

உன் கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழங்கால் கேள்வி அவன் கேட்டது. ஏப்ரல் பதினான்காம் தேதிக் கடிதத்தையும் படித்தேன். “அவளக் கேட்டு வந்தது ரெண்டு பேரா?” என்றான். “நல்லவங்களா?” என்றான். அன்று மாலை, “வரச் சொல்லுக்கா” என்றான். காலையில், “வேணாம்” என்றான். இப்படியே பத்து நாள். சத்தியத்தைப் பார்க்காமல் முதல் மாலையே நான் போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவன் உன்னோடு கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் நான் தனியாகிவிடுவேன் என்ற பயமும் எனக்கு இருந்தது வெர்னா. இதையும் சொல்லிவிடுகிறேன்.

26ஆம் தேதி காலையில் போய்விட்டான். அவன் வைத்திருந்த பொய்ப் பெயரிலேயே இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தேன். கல் இன்னும் வைக்கவில்லை.

இப்போது அந்த அறையில் சத்தமே இல்லை. நேற்று இண்டியானாவிலிருந்து வந்த தம்பதி என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். “ஒண்ணுமே கேக்கலையே, எங்களை ஏமாத்திட்டீங்க!” என்றார்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.

லெனோர்

*

டேட்டன்
1 ஜூன் 1986

லெனோர்,

உங்கள் கடிதத்தைக் கடையின் பின்னறையில் நின்றுகொண்டே படித்தேன். பாலின் எட்டிப் பார்த்து, “என்னடி, பேயக் கண்ட மாதிரி நிக்கற?” என்றாள். அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

அவர் மேல் உள்ள கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் மேல் உள்ள கோபத்துக்கு விலாசம் இருக்கிறது. மார்ச்சில் அவர் உயிரோடு இருந்தார். ஏப்ரலிலும் இருந்தார். என் குரலை அவருக்குப் படித்துக் காட்டினீர்கள். அவர் குரலில் எனக்கு ஒரு இருமல்தான் கிடைத்தது.

பெட்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுது முடித்து, “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருந்தா நானே பாத்திருப்பேனேம்மா” என்றாள்.

நேற்று திருமதி ஹாஃபுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். என் கணவர் ஓடித்தான் போனார், அன்று உங்கள் முகத்தைப் பார்த்து நான் சொன்னது தவறு என்று எழுதினேன். எட்டுத் தாள் கிழித்துப் போட்ட பிறகு மூன்று வரியில் முடிந்தது. அவர் பதில் எழுதமாட்டார். எழுத வேண்டியதில்லை.

கல்லில் ஆர்லோ கெஸ்லர் என்று முழுப் பெயரும் இருக்க வேண்டும். இறந்த வருடம் 1986. படகு ஒதுங்கிய வருடத்தைப் போட்டுவிடாதீர்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வீர்களோ அது உங்கள் பாடு.

பெட்சியும் நானும் பதினான்காம் தேதி வருகிறோம். ஆறாம் அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். அவர் துணிகளைத் துவைத்துவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். மூன்று நாள் தங்குவோம். சாப்பாடு எங்களோடு ஒரே மேசையில் சாப்பிடுங்கள். நாலரை வருடத்தில் அவர் என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார், எல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது.

வாசலில் என்னைக் கட்டிப்பிடிக்க வராதீர்கள். அதற்கு இன்னும் நாளாகும்.

வெர்னா