தெருவைப் பார்த்த தகடு

என் உயிருக்கு உயிரான அண்ணா,

நீ போய் நான்கு மாதம் ஆகப்போகிறது. உன்னிடம் கொட்டாமல் என் வயிற்றெரிச்சல் அடங்காது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டிக்காரர் வீட்டு மொட்டைமாடியில் நீ கடைசியாக வைத்துக் கொடுத்தாயே, குளிக்கிற தண்ணீரை வெயிலில் சுடவைக்கிற சூரியத் தகடு? உன் காரியத்தன்று பந்தலில் அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் அண்ணியிடம் சொன்னார்: "செத்தவரைப் பத்திப் பேசக்கூடாதும்மா. ஆனா உன் வூட்டுக்காரரு என்னை ஏமாத்திட்டாரு. மார்கழிக் குளிர்ல தண்ணி சில்லுனு வருது."

அண்ணி தலை நிமிரவில்லை. துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது?

மறுநாளே அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். "நானும் வர்றேன். ஊரு இன்னா வேணா சொல்லட்டும்" என்று அண்ணியும் கிளம்பிவிட்டாள். மாடியேறியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. தெற்கே பார்த்து நீ வைத்த தகடு வடக்கே, தெருவைப் பார்த்து நின்றது! மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தகட்டின் முதுகில்தான் வெயில்.

"யாருங்க இத திருப்புனது?"

"நான்தான் ஆள வச்சு திருப்புனேன். டிவி ஆன்டெனா தெருவுக்குத் தெரியுது, இது தெரியவேணாமா? எந்தப் பக்கம் வச்சா இன்னா, வெயிலு வெயிலுதானே?"

"அப்போ ஏமாத்துனது யாருங்க?" என்றாள் அண்ணி. நீ போன பிறகு அவள் குரல் உயர்ந்தது அன்றுதான்.

உன் ஆட்களை வரவழைத்து அன்றே தெற்கே திருப்பினோம். அடுத்த நாள் சாயங்காலம் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியவில்லை. "சரி, இப்ப தண்ணி சுடுதில்ல, வுடுங்க" என்று உள்ளே போய்விட்டார். பந்தலில் சொன்னதற்கு? பழியை ஊர் நடுவில் போடலாம், பதிலை மட்டும் குளியலறையோடு முடித்துக்கொள்ளலாமா?

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு வாத்தியார் எங்களிடம் தகடு வைக்கக் கேட்டார். அவரும், "தெருப் பக்கம் பாத்தா மாதிரி வச்சிடுங்கம்மா" என்றார். "அப்படின்னா வேற ஆளப் பாருங்க சார்" என்று அண்ணி படியிறங்கினாள். தெருமுனை வரை பின்னாலேயே வந்தார் மனிதர். "கோச்சிக்காதீங்கம்மா, நீங்க சொல்ற பக்கமே வைங்க!"

நாளைக்கு அங்கே வேலை தொடங்குகிறோம். உன் தொழில் நிற்காது, அண்ணா. நாங்கள் வைக்கிற தகட்டை எவர் திருப்பினாலும், மறுபடி மாடியேறி நேராக்கிவிட்டுத்தான் இறங்குவோம். இது சத்தியம்.

கிளியனூரில் வாழ்க்கைப்பட்ட,
கோபம் தீராத உன் தங்கை
சரோஜா